சுற்றியிருக்கும் கொடியும் நழுவி இறங்கும் கொடியும்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 26. தலைப்பிரசவத்துக்காக நெல்லிக்குப்பத்தை அடுத்த கிராமத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இப்போது 36 வாரம். கார்த்திகையில் நாள் குறித்திருக்கிறார்கள். போன வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் கழுத்தில் கொடி ஒரு சுற்று சுற்றியிருப்பதாக எழுதியிருக்கிறது. தலை கீழே இருக்கிறது, எடை 2.6 கிலோ, நீர் அளவு 12 என்றும் உள்ளது. அன்று முதல் வீட்டில் ஒரே கலக்கம். கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார் மாமியார். எனக்கு இருப்பது ஒரே தம்பி. சரக்கு வேன் ஓட்டுகிறான். 'எதற்கு வம்பு, நல்ல நாள் பார்த்து ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம்' என்கிறார் அம்மா. இரண்டு வருடங்களுக்கு முன் என் ஓரகத்தியின் குழந்தை ஒன்பதாம் மாதம் வயிற்றிலேயே இறந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது என்றார்கள். எழுந்து உட்காராமல் படுத்தபடியே புரண்டு படுப்பது என் பழக்கம். அதனால்தான் கொடி சுற்றிக்கொண்டதா? இரவில் தூக்கமே வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கேள்விதான். நீங்கள் புரண்டு படுத்ததால் கொடி சுற்றவில்லை. கையை உயர்த்தித் துணி காயப்போட்டிருந்தாலும் அதனால் சுற்றாது. சுற்றிக்கொண்டது குழந்தையின் வேலை. நான்காம், ஐந்தாம் மாதங்களில் அதற்கு நீர்க்குடத்துக்குள் நீந்த இடம் தாராளம். தலைகீழாகும், திரும்பும், உதைக்கும். தொப்புள் கொடியின் நீளமோ சராசரியாக 50 முதல் 60 சென்டிமீட்டர். சில குழந்தைகளுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டும். அத்தனை நீளக் கயிறு உடம்போடு மிதந்துகொண்டிருக்கும்போது கழுத்திலும் காலிலும் அது விழாமல் இருந்தால்தான் வியப்பு. விழுந்த சுற்று சில நாளில் தானாகக் கழன்றுவிடுவதும் உண்டு. போன வாரம் இருந்த சுற்று இன்று உங்கள் குழந்தையின் கழுத்தில் இல்லாமலே போயிருக்கலாம். எனவே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரண்டு படுங்கள். தூங்கும்போது இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது இந்த மாதத்தில் நல்லது. அதற்குக் காரணம் ரத்த ஓட்டம்; கொடிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அடுத்து, ஒரு கணக்கைச் சொல்கிறேன். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் வருகிறது. மாலை வேளையில் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் போய் நில்லுங்கள். அங்கே நிற்கும் கூட்டத்தில் கால்வாசிப் பேர் அப்படிப் பிறந்தவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கும் தெரியாது, அவர்களைப் பெற்றவர்களில் பலருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் மருத்துவச்சி தலை வெளியே வந்ததும் விரலால் கொடியைக் கழற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். இன்று ஸ்கேன் அதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. காட்டுகிறதே தவிர, சுற்று இறுக்கமாக இருக்கிறதா தளர்வாக இருக்கிறதா என்பதை அதனால் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. பார்த்ததை எழுதுகிறார்கள், படித்தவர்கள் பயப்படுகிறார்கள். அந்த ஒரு வரி எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைக்கிறது என்பதை என் அறையில் உட்கார்ந்து வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

'கழுத்து' என்ற சொல்தான் எல்லோரையும் அச்சுறுத்துகிறது. நமக்குக் கழுத்து நெரிந்தால் மூச்சு நிற்கும். கருவில் இருக்கும் குழந்தைக்குத் தொண்டை வழியாக மூச்சே கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் கொடியின் ரத்தத்தில் வருகிறது. ஆகவே நாங்கள் கவலைப்படுவது கழுத்தைப் பற்றி அல்ல, கொடிக்குள் ஓடும் ரத்தம் தடைப்படுகிறதா என்பதைப் பற்றித்தான். அந்த ஓட்டத்தைக் காப்பதற்கு இயற்கை செய்திருக்கும் ஏற்பாட்டை ஒரு முறை கையில் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கொடி ஏறக்குறைய ஆள்காட்டி விரல் தடிமன் இருக்கும். நீலம் கலந்த வெண்மை, ஈரப் பளபளப்பு. உள்ளே ஒரு சிரை, இரண்டு தமனிகள். மூன்றும் கயிறு போல முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றைப் பொதிந்து இளநுங்குச் சதை போன்ற ஒரு கூழ் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வார்ட்டனின் பெயரால் அதை வார்ட்டன் ஜெல்லி என்கிறோம். இரண்டு விரலுக்கு நடுவே கொடியை அழுத்தினால் அது வழுக்கி விலகும். விட்டால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பிறந்த சில நிமிடங்கள் வரை உள்ளே நாடி தட்டுவது விரலுக்குத் தெரியும். நூற்றில் ஒரு குழந்தையின் கொடியில் உண்மையாகவே முடிச்சு விழுந்திருக்கும். அந்த முடிச்சோடு அழுதுகொண்டே பிறந்த குழந்தைகளை நான் கையில் வாங்கியிருக்கிறேன்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அரிது. கொடி குட்டையாக இருந்து, சுற்றும் இறுக்கமாக இருந்தால், பிரசவ வலியின்போது குழந்தை கீழே இறங்க இறங்கக் கொடி இழுபடும். வலி வரும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறையும், வலி தணிந்ததும் ஏறிவிடும். குறைந்து குறைந்து ஏறுகிற இந்தக் கோலத்தை நாங்கள் நன்றாக அறிவோம். அதற்காகத்தான் வலி வந்த பிறகு செவிலியர் திரும்பத் திரும்ப வந்து வயிற்றில் கருவியை வைக்கிறார். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் இயல்பு. வலி பிடித்த பிறகு அரைமணிக்கு ஒரு முறையாவது, கூடுமானால் கால்மணிக்கு ஒரு முறை கேட்க வேண்டும். முக்கத் தொடங்கியதும் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. நீங்கள் சேரப்போகும் இடத்தில் இதைச் செய்கிறார்களா என்று இப்போதே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மருத்துவர் கோபப்படவும் மாட்டார். துடிப்பு குறைந்து ஏறாமல் நின்றுவிட்டால் அப்போது ஆபரேஷனுக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான பிரசவங்களில் அந்த நிலை வருவதே இல்லை.

உங்கள் ஓரகத்தியின் இழப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சற்று நேரம் கீழே வைத்துவிட்டேன். நிறைமாதத்தில் குழந்தையை இழந்த தாயிடம் எல்லோரும் காரணம் கேட்கிறார்கள். பிறந்த குழந்தையின் கழுத்தில் கொடி இருந்தால் அதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நஞ்சுக்கொடி (தொப்புள் கொடியின் மறுமுனையில் கருப்பையோடு ஒட்டியிருக்கும் நஞ்சு) சரியாக வேலை செய்யாதது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கிருமித் தொற்று, வளர்ச்சி நின்றுபோனது இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உயிரோடு பிறக்கும் நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும் அதே சுற்று, இறந்த குழந்தைக்கும் இருந்தது என்பதால் மட்டும் அது கொன்றது என்று ஆகிவிடாது. சில நேரங்களில் கொடியே காரணமாக இருப்பதுண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது. அவர் மறுபடி கருவுற நினைத்தால் பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நீ அப்படிப் படுத்தாய், இப்படிக் குனிந்தாய்' என்று யாராவது அவரிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால், நீங்களாவது அவர் பக்கம் நின்று தடுங்கள்.

அம்மா சொல்லும் ஆபரேஷனுக்கு வருகிறேன். நானே நாள்தோறும் ஆபரேஷன் செய்கிறவள். அது எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கழுத்தில் ஒரு சுற்றுக் கொடி என்பது ஆபரேஷனுக்குப் போதுமான காரணம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 ஆபரேஷன் மூலம் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அது 60ஐத் தாண்டிவிட்டது. தேவையில்லாத ஒவ்வொரு வெட்டுத் தழும்பும் அடுத்த பிரசவத்தில் ஒரு கணக்கைக் கேட்கும். நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின்மேல் போய் ஒட்டிக்கொண்டால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது எங்களுக்கே பெரும்பாடு. நல்ல நாள் என்று 37ஆம் வாரத்திலேயே எடுத்துவிட்டால், நுரையீரலில் நீர் வற்றாமல் மூச்சிரைக்கும் குழந்தையை அந்த நல்ல நாளிலேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் விட்டுவிட்டு நீங்கள் வேறு கட்டிலில் படுத்திருக்க நேரிடலாம். காரணமில்லாமல் 39 வாரத்துக்கு முன் எடுக்கக் கூடாது. அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஸ்கேனில் தலை கீழே, எடை சரி, நீர் சரி. சுகப்பிரசவத்துக்கு முயல எந்தத் தடையும் இல்லை.

இனி நான் எழுத நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சுற்றிய கொடிக்கு ஊரே பயப்படுகிறது. நழுவி இறங்கும் கொடியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. உண்மையில் நிமிடக் கணக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாவது இரண்டாவதுதான்.

நீர்க்குடம் உடையும்போது வழக்கமாகக் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் நன்றாக இறங்கி, பாட்டில் மூடி போலக் கருப்பை வாயை அடைத்திருக்கும். தலை இறங்காமல் மேலேயே மிதந்தாலோ, குழந்தை கால் கீழாகவோ குறுக்காகவோ இருந்தாலோ, நீர் அளவுக்கு மீறி இருந்தாலோ, குறைமாதமாகவோ இரட்டையாகவோ இருந்தாலோ, உடைந்த வேகத்தில் நீரோடு கொடியும் தலைக்கு முன்பாக வழுக்கி வெளியே வந்துவிடலாம். பின்னாலேயே தலை வந்து எலும்போடு வைத்து அதை அழுத்தும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று முதல் ஆறு வரை இப்படி நடக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு விடியற்காலையில் மூன்றாவது பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் உட்கார வைத்து அழைத்து வந்தார்கள். நீர் அதிகம், தலை மேலே. வீட்டிலேயே குடம் உடைந்திருக்கிறது. தொடைக்கு நடுவே ஏதோ வெதுவெதுப்பாக இறங்கியது என்றார்; கூட வந்தவர்கள் அதைக் குழந்தையின் கை என்று நினைத்துப் புடவையால் பொத்தி வைத்திருந்தார்கள். விலக்கிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்குக் கொடி. தொட்டால் நாடி இருந்தது, ஆனால் மெதுவாக இருந்தது. பணியில் இருந்த செவிலியர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையுறையை மாட்டினார், விரல்களை உள்ளே செலுத்தித் தலையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டார், அந்தப் பெண்ணோடு சேர்ந்து தள்ளுவண்டியிலேயே மண்டியிட்டு ஏறிவிட்டார். ஆபரேஷன் மேசையிலும் பச்சைத் துணிக்கு அடியில் அவர் கை அப்படியே இருந்தது. வயிற்றைத் திறந்து நான் குழந்தையின் தலையை எடுக்கப் போனபோது, கீழிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருந்த அவருடைய விரல் நுனிகள் என் கையில் பட்டன. குழந்தை சற்றுத் தாமதித்துத்தான் அழுதது, ஆனால் அழுதது. மரத்துப்போன கையிலிருந்து கையுறையைக் கழற்றவும் முடியாமல் அந்தச் செவிலியர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

உங்களுக்குத் தலை கீழே இருப்பதால் இது நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் நீங்களும் உங்கள் அம்மாவும் தம்பியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குடம் உடைந்த பிறகு வழுவழுப்பான கயிறு போல ஏதாவது வெளியே தெரிந்தாலோ, உள்ளே இருப்பது போல உணர்ந்தாலோ, அதை இழுக்கக் கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. கை பட்டாலும் குளிர்ந்தாலும் அதன் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும். சுத்தமான துணி ஒன்றை மேலே போர்த்தினால் போதும். உடனே தரையில் மண்டியிட்டு, மார்பும் கன்னமும் பாயில் படும்படி குனிந்து, பின்பக்கத்தை உயரத் தூக்கிக்கொள்ளுங்கள். பார்க்க எப்படி இருக்குமோ என்று கூச்சப்பட வேண்டாம். குழந்தையின் எடை கொடியின்மேல் விழாமல் தடுப்பது அந்த நிலைதான். எழுந்து நடக்கக் கூடாது. 108ஐ அழைப்பவர் 'கொடி முன்னால் இறங்கிவிட்டது' என்ற சொற்களையே சொல்லட்டும். மருத்துவமனைக்கும் போன் செய்து அதையே சொல்லட்டும், நீங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆபரேஷன் அறை தயாராகிவிடும். ஆம்புலன்ஸில் இடப்பக்கமாகப் படுத்து, இடுப்புக்கு அடியில் தலையணைகளை அடுக்கி உயர்த்திக்கொள்ளலாம். தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

வழுவழுப்பாக எதுவும் தெரியாவிட்டாலும், குடம் உடைந்தால் நேரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்து வைத்துக்கொண்டு, வலி வரும்வரை காத்திருக்காமல் புறப்பட்டுவிடுங்கள். பச்சையாகவோ ரத்தமாகவோ இருந்தால் இன்னும் விரைவாக.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'தலை இடுப்புக்குள் இறங்கிவிட்டதா?' தலைப்பிரசவத்தில் பலருக்கு 38 வாரத்துக்குள் இறங்கிவிடும். இறங்கியிருந்தால் கொடி முந்திக்கொண்டு வர வாய்ப்பு மிக மிகக் குறைவு. இறங்கவில்லை என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள். உங்கள் நாள் வேறு கார்த்திகையில் வருகிறது. நம் மாவட்டத்தில் அந்த மாதம் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மார்கழி பிறந்தாலும் ஓய்ந்துவிடாது; 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது சாலையெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீர் தென்பெண்ணைக் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. எச்சரிக்கை வந்தவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசி, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ நீங்கள் பதிவு செய்திருக்கும் இடத்திலோ ஓரிரு நாள் முன்னதாகவே சேர்ந்துவிடுங்கள். புயல் காலங்களில் நிறைமாதப் பெண்களை அப்படி முன்கூட்டியே சேர்ப்பது அரசு மருத்துவமனைகளில் வழக்கம்தான்.

அசைவு எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் விழித்து எண்ண வேண்டாம், சகோதரி. குழந்தைக்கும் தூக்கம் உண்டு. தினமும் ஒரே நேரத்தில், இரவு உணவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கமாகப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவு வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பலருக்கு அரைமணியிலேயே வந்துவிடும். வரவில்லை என்றால், அல்லது வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்று மனதுக்குப் பட்டால், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். அந்த இரவே போங்கள். போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்த பெண்ணை நான் ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. மறுநாள் வரை காத்திருந்து வந்தவர்கள் சிலரிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன். கொடியில் நெருக்கடி என்றால் ஸ்கேன் தாளைவிட முதலில் சொல்வது குழந்தைதான்.

பிரசவ அறையில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் தைரியமாக இருக்கும். தலை வெளியே வந்ததும் சற்று நேரம் முக்க வேண்டாம் என்பார்கள். அந்த நேரத்தில் விரலை விட்டுக் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். தளர்வான சுற்று என்றால் மாலையைக் கழற்றுவது போலத் தலைக்கு மேலாக எடுத்துவிடுவார்கள். சற்று இறுக்கம் என்றால் குழந்தையின் முகத்தை உங்கள் தொடைப் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு, உடம்பு குட்டிக்கரணம் போட்டாற்போல் வெளியே வந்த பிறகு சுற்றைப் பிரிப்பார்கள். கவ்வி போட்டு வெட்டுவது வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான். பிறந்தவுடனேயும் வெட்ட அவசரம் வேண்டாம். 1 முதல் 3 நிமிடம் வரை விட்டுவைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குள் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும்; ரத்தசோகை மிகுந்த நம் ஊர்க் குழந்தைகளுக்கு அந்த இரும்புச்சத்து பல மாதங்களுக்குத் துணை. குழந்தை நன்றாக அழுதால், சற்றுப் பொறுத்து வெட்டும்படி முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விழுந்த கொடித்துண்டைத் தாயத்தில் போட்டுக் கட்டுவது உங்கள் வீட்டு விருப்பம். ஆனால் அது தானாக விழும்வரை மஞ்சள், சாம்பல், பவுடர் எதையும் வைக்க வேண்டாம். காய்ந்து சுத்தமாக இருந்தால் போதும்.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய பெரியவர்கள் சொன்னதைச் சொல்கிறார். ஆனால் கொடி சுற்றிப் பிறக்கும் நான்கில் ஒரு குழந்தைக்கும் பெரும்பாலும் தாய்மாமன்கள் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். உங்கள் தம்பி முதலில் எண்ணெயில் குழந்தையின் நிழல் பார்த்துவிட்டுத்தான் முகம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் வற்புறுத்தினால், கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி ஒரு நிமிடம் பார்த்துவிடட்டும், அதில் கெடுதல் இல்லை. அதன் பேரில் அவனைப் பல நாள் வாசலில் நிறுத்தி வைப்பதும், பிறந்த குழந்தையைக் குற்றவாளி போலப் பார்ப்பதும் கூடாது. அக்காள் பிள்ளையால் தனக்குக் கெடுதல் என்று ஓர் இளைஞன் மனதில் விழுந்த சொல் எளிதில் அழியாது.

உங்கள் தம்பியிடம் இந்தப் பதிலைக் கொடுங்கள். 38ஆம் வாரம் தொடங்கியதும் அவன் இரவு வெளியூர்ச் சரக்கு ஏற்ற வேண்டாம். வேனில் டீசல் இருக்கட்டும், பின்னால் ஒரு பாயும் மூன்று தலையணையும் இருக்கட்டும், போனை அணைக்க வேண்டாம். முதல் அழைப்பு 108க்குத்தான். அவர்கள் வரத் தாமதமானால் மட்டும் வேன். குழந்தை பிறந்ததும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவனும் உள்ளே வந்து முகம் பார்க்கட்டும்.